சிரிப்புக்கு விட்ட இடம்

"சிரிப்புக்காக நான் காத்திருக்கிறதில்ல. சிரிப்புதான் எனக்காகக் காத்திருக்கும்!"

இந்த மணிமொழியை ஸ்டேஷன் மாஸ்டர் அருளியபோது அவருக்கு ஒரு பக்க மீசைதான் ஒட்டியிருந்தது. மறுபக்கத்து மீசை பசை காய்வதற்காக விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் முழு மீசைக்குரிய கம்பீரம் அந்தக் குரலில் இருந்ததை ஒப்பனை அறையில் இருந்த அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். அவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் எந்த ரயில்வேயிலும் வேலை பார்த்தவரல்லர். ரயிலில் போனால் தலை சுற்றுகிறது என்று பஸ்ஸில் போகிறவர். ரயிலே நிற்காத ஒரு ஸ்டேஷனைப் பற்றிய இசை நாடகம் ஒன்று அந்த நகரத்தின் பழைய அரங்கத்தில் பதினோரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அதில் ஸ்டேஷன் மாஸ்டராக வருகிறவர் இவர். இத்தனை வருஷத்தில் கதாநாயகர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். கதாநாயகிகள் ஐந்து பேர் மாறினார்கள். அதில் இரண்டு பேர் கதாநாயகர்களையே கட்டிக்கொண்டு போனார்கள். மாறாமல் இருந்தவை ஸ்டேஷன் மாஸ்டரும் அவருடைய தொப்பியும்தான். வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்காரர்கூட, "ஸ்டேஷன் மாஸ்டர் சார், இருமல் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

நாடகத்தில் அவருக்குப் பாட்டு குறைவு. பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு வசனம். இரண்டாம் பாதியில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதாநாயகன் மூச்சிரைக்க ஓடி வருவான். கோரஸ் நிற்கும். வாத்தியங்கள் நிற்கும். "ஐயா, அடுத்த ரயில் எப்போ?" என்பான். ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுப்பார். காதில் வைத்துக் கேட்பார். ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி பையில் போட்டுக்கொள்வார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொல்வார்:

"அவசரம்னா நடந்து போங்க. நானே அப்படித்தான் வேலைக்கு வரேன்."

அரங்கம் கூரையைப் பெயர்க்கும். சிரிப்பு ஓயும்வரை தொப்பி நெஞ்சிலேயே இருக்கும். ஓய்ந்ததும் அது தலைக்கு ஏறும். அதுதான் சைகை. இசையமைப்பாளர் குச்சியை உயர்த்துவதும் கோரஸ் வாயைத் திறப்பதும் அதைப் பார்த்துத்தான். இருபது பேருடைய கண்ணும் ஒரு தொப்பியில். "அண்ணே, உங்க தொப்பி இல்லேன்னா நாங்க எல்லாரும் அநாதை" என்று இசையமைப்பாளரே சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தண்ணி போட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

இதில் கவனித்தவர்கள் மட்டும் கவனித்த ஒரு சங்கதி உண்டு. அரங்கம் முழுவதும் சிரித்து முடித்த பிறகும் அந்தத் தொப்பி உடனே ஏறாது. இன்னும் ஒரு மூச்சு நேரம் அங்கேயே இருக்கும். ஒரு விமர்சகர் அதைக் 'காலத்தை நிறுத்திவைக்கும் கலை' என்று எழுதிவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வெட்டி, கண்ணாடி போட்டு, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டிவைத்தார். காலத்தையாவது, நிறுத்துவதாவது! அந்த ஒரு மூச்சு நேரம் அவருடைய அக்காவுக்கு உரியது.

அக்காவுக்கு எப்போதும் பிந்தித்தான் சிரிப்பு வரும். எல்லோரும் சிரித்து, கண்ணைத் துடைத்து, அடுத்த பேச்சுக்குப் போன பிறகு வரும். அறிவுக் குறைவெல்லாம் இல்லை. வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். எதையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குகிற சுபாவம். தக்காளியானாலும் சரி, தமாஷானாலும் சரி. முதலில் தோள் குலுங்கும். பிறகு மூக்கில் ஒரு சத்தம் வரும், குக்கர் விசிலுக்கு முன்னால் புஸ்ஸென்று ஒன்று விடுமே, அந்த மாதிரி. அப்புறம்தான் சிரிப்பு. அது கிளம்பிவிட்டால், ஏற்கெனவே சிரித்து முடித்தவர்களும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாக வேண்டும்.

சாப்பிடும்போது சிரிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். தம்பி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கீழ்வீட்டுக்காரர் ஒரு தும்மலுக்குச் செய்யும் முன்னேற்பாடுகளை நடித்துக் காட்டுவான். அப்பா நிமிரும்போது அவன் முகம் துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். அதை அப்படியே வைத்திருப்பான், அக்காவுக்கு வந்து சேரும்வரை. சாப்பாடு முடிந்து, அப்பா கை கழுவ எழுந்திருக்கும் அந்தப் பொல்லாத வேளையில்தான் அவளுக்கு வெடிக்கும். குட்டு அவள் தலையில் விழும்.

"குட்டு வாங்குறது நானு, பேர் வாங்குறது நீயா?" என்பாள் தலையைத் தேய்த்துக்கொண்டு. "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடுடா. நான் அவர் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சுடறேன்."

வசனத்தைச் சொல்லிவிட்டு முகத்தைக் கலைக்காமல் நிற்கும் வித்தையை ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் படித்தார். ஆனால் பேட்டி எடுக்க வந்தவர்களிடம், "அது பிறவியிலேயே வந்ததுங்க" என்று சொல்வது வழக்கம்.

அப்பேர்ப்பட்ட அக்கா அந்த வசனத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாடகம் தொடங்கிய அதே வருஷம் அக்காவின் கணவர், மாமா, மாடிப்படியில் விழுந்தார். விழுந்தவர் படுத்த படுக்கையானார். அக்கா பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்த தன் வீட்டில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டாள். அதற்கு முன்னால் தம்பியை மேடையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். ஒன்றில் அவர் மரம். இன்னொன்றில் ஈட்டி பிடித்த காவலன், "மன்னர் வருகிறார்!" என்பது வசனம். அன்று மன்னர் வரவில்லை, ஒப்பனை அறையில் தூங்கிவிட்டார். ஆக, தம்பியின் கலை வாழ்க்கையைப் பற்றி அக்காவுக்கு இருந்த அபிப்பிராயம் இந்த இரண்டு ஆதாரங்களின் மேல்தான் நின்றது.

"மாமாவுக்குக் கொஞ்சம் தேவலையாகட்டும்டா. வந்துடறேன்" என்பாள் தொலைபேசியில். "அது சரி, அது என்னடா வசனம்? எல்லாரும் சொல்றாங்களே. இப்பவே சொல்லேன், கேட்டுக்கிறேன்."

"மாட்டேன்க்கா. போன்ல சொன்னா செத்துப்போயிடும். நேர்ல வந்து பாரு."

"ரொம்பத்தான் பண்ற!"

தான் சொல்லாதது மட்டுமில்லை, மனைவியையும் சொல்லவிடவில்லை. "முட்டை மாதிரி அடைகாக்கிறாரு" என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமாச்சு, இன்னும் பொரிச்ச பாடில்ல." நடிகர்களுக்கு மாதாமாதம் இரண்டு இலவசச் சீட்டு உண்டு. ஒவ்வொரு மாதமும் அவை அக்காவுக்காகக் கடைசி வாரம்வரை சட்டைப்பையில் இருக்கும். பிறகு வேறு கைக்குப் போகும். இப்படியாகப் பல் டாக்டர் நாடகத்தை ஏழு முறை பார்த்துவிட்டார். எட்டாவது முறை, "வேண்டாங்க, பல்லை நான் சும்மாவே பார்த்துடறேன்" என்று கும்பிட்டார்.

இந்த நிலையில்தான் டிக்கெட் விற்பனை படுத்தது. மேனேஜர் ஒரு காரியம் செய்தார்.

"எல்லாரும் கேளுங்க. வியாழக்கிழமை காலை டிவி நிகழ்ச்சியில நமக்கு இடம் கிடைச்சிருக்கு. சுளுக்கு எடுக்கிற வைத்தியருக்கும் வானிலைக்கும் நடுவுல. ஒரு பாட்டு. நேரலை. ஸ்டேஷன் பாட்டையே போட்டுடலாம், அண்ணன் வசனத்தோட."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு மேனேஜரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கௌரவம் கருதி, "பார்க்கலாம்" என்றார். வாசலுக்கு வந்ததும் அக்காவுக்குத் தொலைபேசினார்.

"அக்கா, வியாழக்கிழமை காலைல எல்லா வேலையையும் முடிச்சுட்டு உட்காரு. நான் வரேன்."

"வீட்டுக்கா?"

"டிவியிலக்கா!"

"அப்ப சமைக்க வேண்டாம்" என்றாள் அக்கா நிம்மதியாக. பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வசனம் வருமாடா?" என்றாள்.

"வரும்."



அன்று சாயங்காலம்தான் இசையமைப்பாளர் ஒப்பனை அறைக்கு வந்தார். "அண்ணே, டிவிக்கு வாத்தியக்காரங்க யாரும் வர முடியாது, இடமில்லையாம். இசையை முன்னாடியே பதிவு பண்ணிப் போட்டுடறோம். அது யாருக்காகவும் நிக்காது. ஆடியன்ஸும் கிடையாது. உங்க வசனத்துக்கு அப்புறம் எவ்வளவு நேரம் விடட்டும்?"

ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார். அதற்குள் இப்போதைய கதாநாயகன், நாக்கில் சனி குடியிருக்கும் பையன், கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே, "அண்ணனுக்கு அரை நாள் விடுங்க சார். சிரிப்பு எங்கேயிருந்தோ கிளம்பி வரணுமே!" என்றான். அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் பிந்தவே இல்லை.

அப்போதுதான் அரை மீசை நிமிர்ந்தது. அப்போதுதான் அந்த மணிமொழி பிறந்தது. பிறந்ததோடு நிற்காமல், "இடமே வேண்டாம். ஒட்டிப் போடுங்க!" என்று ஒரு கட்டளையும் கூடப் பிறந்தது.

இசையமைப்பாளர் சொன்ன சொல் தட்டாதவர். ஒட்டியே போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. மேடைக்காரர்கள் மதியத்துக்கு முன்னால் உலகத்தைப் பார்த்துப் பழகாதவர்கள். தூக்கம் கலையாத இருபத்திரண்டு பேரை டிவி ஸ்டுடியோவின் சமையல் அடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவே நிறுத்தினார்கள். பால்கனியின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று பதினோரு வருஷமாகத் தீட்டிய புருவங்களை அன்றும் அப்படியே தீட்டியிருந்தார்கள். காமிரா ஒரு முழத் தூரத்தில் இருந்தது. வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் சில அழுததாகப் பின்னால் செய்தி வந்தது. கடைசி வரிசைக்கு எட்டும்படி கையை வீசிய கோரஸ்காரர் ஒருவர் முதல் அடியிலேயே பூந்தொட்டியைத் தள்ளிவிட்டார். சுற்றி நின்ற தொழிலாளர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நேரலையில் அவர்கள் தும்மினாலும் வேலை போய்விடும்.

"இதோ, நம்ம ஸ்டேஷனுக்கு ரயில் வரப்போகுது!" என்றாள் தொகுப்பாளினி. நாடகத்தைப் பார்க்காதவள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பாட்டு ஓடியது. கதாநாயகன் பெட்டியோடு ஓடி வந்தான். இடம் போதாமல் இரண்டே எட்டில் வந்து சேர்ந்தான். கேட்டான். கடிகாரம் வெளியே வந்தது, உலுக்கப்பட்டது, உள்ளே போனது. தொப்பி நெஞ்சுக்கு வந்தது.

"அவசரம்னா நடந்து போங்க. நானே..."

டமடமவென்று கொட்டு வந்து மீதியை விழுங்கிவிட்டது. ஒட்டிப் போடச் சொன்னால் ஒட்டித்தான் வரும்.

அந்த இடத்தில் தொப்பியைத் தலைக்கு ஏற்றியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அது தெரியும். ஆனால் அவர் கண்ணுக்கு எதிரே காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமாவின் கட்டிலும், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் இருந்தார்கள். இப்போது தோள் குலுங்கும், என்று அவர் நினைத்தார். இப்போது மூக்கு. இதோ, இப்போது.

தொப்பி நெஞ்சிலேயே இருந்தது.

இருபது கோரஸ்காரர்களும் வாயைத் திறந்து, சிரித்த முகத்தோடு, கண்ணைத் தொப்பியில் வைத்து, சிலையாக நின்றார்கள். கதாநாயகன் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றான். இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பாட வேண்டிய முதல் வரி வந்தது, போனது. இரண்டாம் வரி வந்தது, போனது. ஒருவழியாகத் தொப்பி ஏறியபோது, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி இருபத்திரண்டு பேரும் இசையைத் துரத்தினார்கள். பிடிக்க முடியவில்லை. அது முழங்கி முடிந்துபோன பிறகும் இவர்களுக்கு இன்னும் பாதிப் பாட்டு பாக்கி இருந்தது. தொழில் தர்மத்தை விடாமல், வெறும் காலடிச் சத்தத்தோடு பாடி முடித்தார்கள். தொகுப்பாளினி தனியாகக் கைதட்டினாள். வானிலையில் இடியும் மின்னலும் எதிர்பார்க்கப்படுவதாகச் சொன்னார்கள்.

மதியத்துக்குள் அந்தக் காட்சி எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. "டிவி நின்னுபோச்சுன்னு ரெண்டு தட்டு தட்டினேன், இப்ப நிஜமாவே நின்னுபோச்சு, யார் காசு தருவாங்க?" என்று ஒருவர் எழுதியிருந்தார். "புருவத்துக்குத் தனி டிக்கெட்டா?" என்று இன்னொருவர். ஒரு விசுவாசமான ரசிகை மட்டும், "அரங்கத்துல போய்ப் பாருங்க, அங்க வேற மாதிரி இருக்கும்" என்று வாதாடினாள். "அங்கயும் இதே மாதிரி நின்னா, முடியறதுக்கு மறுநாள் ஆயிடுமே" என்று அதற்குப் பதில் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காட்சிக்குக் குறட்டைச் சத்தம் சேர்த்திருந்தான். மருந்துக்கடைக்காரர், "சார், காலைல உங்க வீட்லயும் கரண்ட் போச்சா?" என்று நல்லெண்ணத்தோடு விசாரித்தார்.

"அண்ணே, சிரிப்பு வந்துச்சா, இல்ல வழியில டிராஃபிக்கா?" என்றான் கதாநாயகன்.

ஸ்டேஷன் மாஸ்டர் இதற்கெல்லாம் அசரவில்லை. ஊர் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வீட்டுச் சிரிப்பு. அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வரவில்லை. வெள்ளிக்கிழமை வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. அவரே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சிரிப்பு தனக்காகக் காத்திருக்கும் என்று சொன்ன வாய், 'அக்கா, சிரிச்சியா?' என்று எப்படிக் கேட்கும்?

"நடந்து நடந்து டைல்ஸ் தேயுது" என்றாள் மனைவி. "நாளைக்கு லீவுதானே? போயிட்டுத்தான் வாங்களேன். நானும் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்."

போனார்.

அக்கா கதவைத் திறந்தாள். "வாடா. என்ன இப்படி இளைச்சுட்ட? டிவியில குண்டா இருந்தியே" என்றாள். கையில் ஈரத் துணி. கதவோரம் அவளுடைய வெளியே போகும் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதன்மேல் விரலால் கோலம் போடலாம் போலத் தூசு.

முன்னறையில் மாமா கட்டிலில் இருந்தார், டிவியைப் பார்த்தபடி. மூவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாமாவின் புது மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள். பல் டாக்டரைப் பற்றிக்கூடப் பேசினார்கள். கடைசியில் அக்காவே ஆரம்பித்தாள்.

"நீ அப்படியே நின்னதும் டிவி போயிடுச்சுன்னு நினைச்சு எழுந்து போய்த் தட்டினேன்டா. இவர்தான் சொன்னாரு..."

"டிவி நிக்கலடி, உன் தம்பிதான் நிக்கிறான்னேன்" என்றார் மாமா.

"உனக்குத்தான் உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். போன் பண்ணக்கூட பயம். ஏன்டா அப்படி நின்ன?"

"ஒண்ணுமில்லக்கா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "டெக்னிக்கல்."

"அது சரி, கடைசியில என்னதான்டா சொன்ன? நடந்து போங்கன்னு சொன்ன வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஒரே கொட்டு."

'நேர்ல வந்து பாரு' என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அக்கா அதற்குள் மாமாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். பழகிய கை; எங்கே தூக்க வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கதவோரச் செருப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். தொப்பி இல்லாததால் காபி டம்ளரை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடிகாரத்துக்குப் பதில் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, உலுக்கி, உள்ளே போட்டார்.

"அவசரம்னா நடந்து போங்க. நானே அப்படித்தான் வேலைக்கு வரேன்."

மாமா உடனே சிரித்தார். மாமா எதற்கும் உடனே சிரிக்கிறவர். அதனாலேயே அந்த வீட்டில் அவர் சிரிப்புக்கு மதிப்பில்லை.

"ம்" என்றாள் அக்கா. "யாரு, ஸ்டேஷன் மாஸ்டரா சொல்றாரு?"

"ஆமா."

"ஸ்டேஷன்லயா?"

"ஆமாக்கா."

"ஓ" என்றாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "சரி, கிளம்பு. இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது இருட்டினப்புறம்தான். உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா." டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பஸ் நிற்கும் இடம் வாசலுக்கு நேர் எதிரில். ஸ்டேஷன் மாஸ்டர் தெருவைத் தாண்டவில்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாக நின்றார். உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், டம்ளர் கழுவும் சத்தம். பஸ் வந்தது. அவர் குனிந்து செருப்பின் வாரைக் கட்ட ஆரம்பித்தார். அது கட்டுகிற செருப்பே அல்ல.

"சார், வரீங்களா?" என்றார் கண்டக்டர் படியில் தொங்கியபடி.

"எனக்கு அவசரமில்ல. நீங்க போங்க" என்றார் இவர், தாழ்ந்த குரலில், ஜன்னலுக்குக் கேட்காதபடி.

பஸ் போய்விட்டது. புகை அடங்கியது. உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து, தோள்பையை நெஞ்சோடு அணைத்து, முகத்தைக் கலைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.